சம்பளச் சீட்டில் ஒரு வரி: விமானச் சங்கச் சந்தா எங்கே போகிறது என்று பார்ப்பது எப்படி

விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் ரிசர்வில் இருந்தேன். போன் அடித்தால் சொன்ன நேரத்துக்குள் சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு மூடி விமானம் நகர்ந்த பிறகுதான் எங்களுக்கு மணிக்கணக்கு ஓடும். பயணிகளை ஏற்றி, பெட்டிகளைத் திணித்து, 'அது என் சீட்' சண்டையைத் தீர்த்து வைக்கிற நேரத்துக்கெல்லாம் அப்போது பைசா கிடையாது. இப்படி வந்த சம்பளத்தில் வரி, மருத்துவக் காப்பீடு, சீருடைத் தவணை எல்லாம் போக, அடியில் ஒரு வரி இருந்தது: 'யூனியன் ட்யூஸ், 50.00'.

அன்று இரவு கோவில்பட்டிக்குப் போன் போட்டு அப்பாவிடம் புலம்பினேன். அப்பா பஞ்சாலையில் சங்கப் பொருளாளராக இருந்தவர். சம்பள நாளில் மில் வாசல் வேப்பமரத்தடியில் ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளுமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் கேட்டுக் கேட்டுச் சந்தா வாங்குவார். பின்வாசல் வழியாகச் சைக்கிளில் நழுவுகிறவர்களைப் பார்த்துச் சொல்ல என்னைக் காவலுக்கு நிறுத்துவார். அவருக்கு அந்த ஐம்பது டாலர் பெரிதாகப் படவில்லை. வேறு ஒன்றுதான் உறுத்தியது. "கம்பெனியே பிடிச்சு சங்கத்துக்குக் கொடுக்குதா? அப்போ அந்தக் காசுக்குக் கணக்கு யாரும்மா பாக்கிறா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு எங்கள் பேஸின் (நாங்கள் பறக்கத் தொடங்கும் விமான நிலையம்) சங்கத் தணிக்கைக் குழுவில் இரண்டு முறை இருந்தபோதுதான் கற்றுக்கொண்டேன். இப்போது புதிதாக விங்ஸ் பேட்ஜ் குத்திக்கொண்டு வருகிற தமிழ்ப் பிள்ளைகள், 'அக்கா, இது கட்டாயமா? எங்கே போகுது?' என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் விமானத்தின் சமையலறை மூலையில் நின்றபடி சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் அமெரிக்க விமானக் கம்பெனிகளைப் பற்றி. கனடாவில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டம் வேறு.

முதலில், உங்கள் சந்தா எந்த வகை

மூன்று வகை உண்டு. விமானப் பணிப்பெண்கள், பணியாளர்கள் சங்கங்களில் பெரும்பாலும் மாதாமாதம் ஒரே தொகை. ஏஎஃப்ஏ சங்கத்தில் மாதம் 50 டாலர், வருடத்துக்கு 600. நீங்கள் அந்த மாதம் 40 மணி நேரம் பறந்தாலும் 110 மணி நேரம் பறந்தாலும் அதே 50தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது கனமாகவும், இருபது வருட சீனியருக்கு லேசாகவும் படும். எனக்கு இந்த முறை பிடிக்காது, ஆனால் மாற்றுகிற ஓட்டு என் கையில் மட்டும் இல்லை.

விமானிகள் சங்கமான ஆல்பாவில் விகிதாசாரம்: வருமானத்தில் 1.85 சதவீதம். வருடம் ஒரு லட்சம் டாலர் வாங்குகிறவர் 1,850 கட்டுவார், இரண்டரை லட்சம் வாங்குகிறவர் 4,625 கட்டுவார். மெக்கானிக்குகளிடம் மூன்றாவது வகையைப் பார்க்கலாம், மணிக்கூலிக் கணக்கு. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் மாதச் சந்தா என்பது இரண்டரை மணி நேரக் கூலி. மணிக்கு 60 டாலர் வாங்குகிறவருக்கு மாதம் 150. கூலி ஏறினால் சந்தாவும் தானாக ஏறும், யாரும் தனியாகத் தீர்மானம் போட வேண்டியதில்லை. விகிதமும் தொகையும் மாறக்கூடியவை. உங்கள் சங்கத்தின் இன்றைய ரேட் எங்கே பதிவாகியிருக்கும் என்று கீழே சொல்கிறேன்.

வருடத்துக்கு இவ்வளவு என்ற தொகையை வைத்துத்தான் எதிர்ப்பிரசாரமும் நடக்கும். 2019இல் டெல்டா கம்பெனி தன் ஊழியர்களுக்கு ஒட்டிய சுவரொட்டி ஒன்று அமெரிக்கா முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. சங்கச் சந்தா வருடத்துக்குச் சுமார் 700 டாலர் ஆகிறது, அந்தக் காசுக்கு ஒரு புது வீடியோ கேம் செட் வாங்கி விளையாடலாமே என்று அதில் எழுதியிருந்தது. 700 என்பது பொய் இல்லை. அந்த 700 என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் சுவரொட்டி சொல்லவில்லை. சங்கத்துக்காரர்களும் பல நேரம் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

கையெழுத்துப் போடும் இரண்டு காகிதம்

பயிற்சி முடிகிற வாரம் ஒரு மேசையில் இரண்டு படிவம் நீட்டுவார்கள். நாம் தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஒன்று உறுப்பினர் படிவம். இன்னொன்று சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளக் கம்பெனிக்கு நாம் கொடுக்கும் அனுமதி, அதற்கு 'செக்ஆஃப்' என்று பெயர். இரண்டுக்கும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமான ஊழியர்களுக்கான சட்டம் ரயில்வே லேபர் ஆக்ட். 1926இல் ரயில்வேக்காக வந்தது, 1936இல் விமானத்துக்கும் நீட்டினார்கள். 1951இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து 60 நாளுக்குப் பிறகு எல்லோரும் சந்தா கட்ட வேண்டும் என்று சங்கமும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றது அந்தத் திருத்தம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருந்தால் கட்டாயம்தான், கட்டாவிட்டால் வேலையே போகலாம். சில ஒப்பந்தங்கள் தகுதிகாண் காலம் முடியும் வரை காத்திருக்கும். இதற்கென்று தனி அத்தியாயம் ஒப்பந்தப் புத்தகத்தில் இருக்கும், 'யூனியன் செக்யூரிட்டி' என்ற தலைப்பில் தேடுங்கள்.

டல்லாஸ், மயாமி, சார்லட் பேஸ் பிள்ளைகள் அடிக்கடி இங்கேதான் சறுக்குகிறார்கள். 'இது ரைட் டு வொர்க் மாநிலம் அக்கா, சந்தா கட்ட வேண்டாமாம்' என்று பக்கத்து வீட்டு ஐடிக்காரர் சொன்னதை நம்பிவிடுகிறார்கள். அந்த மாநிலச் சட்டம் மற்ற தனியார் கம்பெனிகளுக்குப் பொருந்தும். விமான, ரயில்வே ஊழியர்களுக்குப் பொருந்தாது, 1956இலேயே உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. சங்கக் கட்டணம் கட்டாயமில்லை என்று 2018இல் வந்த ஜேனஸ் தீர்ப்பைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது அரசு ஊழியர்களுக்கானது.

செக்ஆஃப் அனுமதியை ஒரு வருடம் கழித்து எழுத்தில் திரும்பப் பெறலாம். பெற்றால் பிடித்தம்தான் நிற்கும், கடன் நிற்காது. பிறகு நீங்களே மாதாமாதம் செலுத்த வேண்டும். மறந்தால் நிலுவைக் கடிதம் வரும்.

அந்தக் கடிதம் எனக்கும் வந்தது. அப்பா படுக்கையில் விழுந்தபோது நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஊருக்குப் போயிருந்தேன். சம்பளம் இல்லை, அதனால் பிடித்தமும் இல்லை. திரும்பி வந்து தபால் பெட்டியைத் திறந்தால் பதிவுத் தபால் வந்ததற்கான சீட்டு. போஸ்ட் ஆபீசில் போய் வாங்கிப் பிரித்தால், 200 டாலர் நிலுவை, 15 நாளில் கட்டு, இல்லையென்றால் ஒப்பந்தப்படி வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுவோம் என்று இருந்தது. கை நடுங்கியது. 15 நாளில் 9 நாள் ஏற்கெனவே போயிருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் சங்க விதிப்படி 30 நாளுக்கு மேல் விடுப்பில் போனால் சந்தா கிடையாது, முதல் மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். ஆனால் சங்கத்தின் பட்டியலில் நான் விடுப்பில் போனதாகவே பதிவாகவில்லை, இன்னும் பறந்துகொண்டிருந்தேன். விடுப்பு அனுமதி மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும் 200 என்பது 50 ஆனது. ஒரு வாரத்தில் முடிந்தது. விடுப்பு மின்னஞ்சலை நான் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஆகவே மருத்துவ விடுப்போ, பேறுகால விடுப்போ, ஊருக்குப் போகிற விடுப்போ, எதுவானாலும் கிளம்பும் முன் உங்கள் லோக்கலின் (கிளைச் சங்கம்) பொருளாளருக்குத் தேதிகளைப் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வாங்குங்கள். விதி ஒவ்வொரு சங்கத்திலும் வேறு வேறு, அதனால் என் 30 நாள் கணக்கை நம்பிப் போய்விடாதீர்கள். இன்னொன்று: சட்டப்படி சந்தா, சேர்க்கைக் கட்டணம், சிறப்பு வசூல் இவற்றைக் கட்டாததற்குத்தான் வேலைக்கு ஆபத்து. சங்கம் யாருக்காவது அபராதம் போட்டு அதைக் கட்டாவிட்டால் அதற்காக வேலையை விட்டுத் தூக்கச் சொல்ல முடியாது.

பணம் போகிற பாதை

கம்பெனி பிடித்த பணம் மொத்தமாகச் சங்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து எப்படிப் பிரிகிறது என்பது சங்கத்தின் அமைப்பைப் பொறுத்தது. ஆல்பாவிலும் ஏஎஃப்ஏவிலும் தலைமையகம், அந்தந்தக் கம்பெனிக்கான குழு, பேஸ் அளவிலான லோக்கல் கவுன்சில் என்று மூன்று படி. டீம்ஸ்டர்ஸ், டிடபிள்யூயு போன்றவற்றில் லோக்கலுக்குத் தனி உயிர் உண்டு. லோக்கல் தன் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று மேலே அனுப்பும், அதற்கு 'பெர் கேபிட்டா' என்று பெயர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் ஏபிஎஃப்ஏ, அதே கம்பெனி விமானிகளின் ஏபிஏ, சவுத்வெஸ்ட் விமானிகளின் ஸ்வாபா இவையெல்லாம் ஒரே கம்பெனிக்கான சங்கங்கள். மேலே அனுப்ப யாரும் இல்லை. அதே சமயம் கஷ்டம் வந்தால் மேலேயிருந்து கொடுக்கவும் யாரும் இல்லை.

செலவில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது 'ஃப்ளைட் பே லாஸ்'. தணிக்கைக் குழுவில் நான் முதல் நாள் உட்கார்ந்தபோது, சங்கத்தின் செலவுப் பட்டியலில் எங்கள் கம்பெனியின் பெயரையே பார்த்துத் திகைத்துப் போனேன். நம் சந்தாவைக் கம்பெனிக்கே திருப்பிக் கட்டுகிறார்களா? கட்டத்தான் செய்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கோ ஒரு விசாரணைக்கோ நம் ஆள் போக வேண்டும் என்றால் அவருடைய ட்ரிப்பை எடுத்துவிடுவார்கள். அவருக்குச் சம்பளம் வழக்கம் போலக் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்த மணிகளுக்கான பில்லைச் சங்கத்துக்கு அனுப்பும். மூன்று நாள் ட்ரிப் ஒன்றுக்கு 16 மணி நேரம் என்றால் அந்த 16 மணிக்கான கூலி, அதற்கு மேல் சில ஒப்பந்தங்களில் சலுகைகளுக்கான கூடுதல் சதவீதமும். சீனியர் ஆள் போனால் பில் கூடும். எங்கள் லோக்கலில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய செலவாக இருந்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை, இல்லாவிட்டால் வேலை செய்ய யாரும் வர மாட்டார்கள். ஆனால் கண் வைக்க வேண்டிய இடமும் இதுதான். எந்தத் தேதியில், எந்த ட்ரிப், எதற்காக எடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

அடுத்தது நடுவர் விசாரணை. யாரையாவது வேலையை விட்டு நீக்கினால் சங்கம் முறையீடு போடும், முடியாவிட்டால் அது நடுவரிடம் போகும். ரயில்வேயில் இந்த நடுவர்களுக்கு அரசே கூலி கொடுக்கிறது. விமானத்தில் பொதுவாகச் சங்கமும் கம்பெனியும் பாதிப் பாதி. நடுவரின் பில்லை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். விசாரணை நடந்த நாளுக்கு ஒரு கூலி, தீர்ப்பு எழுத வீட்டில் உட்கார்ந்து படித்த நாட்களுக்கு இன்னொரு கூலி, பயணம், தங்கும் அறை. கடைசி நேரத்தில் இரு தரப்பும் சமாதானமாகி விசாரணையை ரத்து செய்தால் அதற்கும் ஒரு கட்டணம். சுருக்கெழுத்தர் வார்த்தைக்கு வார்த்தை எழுதும் பதிவு தனி. இவ்வளவும் ஒரே ஆளுடைய வேலையைக் காப்பாற்ற. என் பேஸில் ஒரு பெண்ணுக்காக இப்படிச் செலவானபோது 'அவளுக்காக நம் காசா' என்று முணுமுணுத்தவர்களில் இரண்டு பேர் பிறகு தாங்களே முறையீட்டுப் படிவம் கேட்டு வந்தார்கள்.

பேச்சுவார்த்தைக் காலத்தில் வக்கீல், கணக்காளர் செலவு எகிறும். கம்பெனி திவாலானால் கேட்கவே வேண்டாம். யுனைடெட் 2002 டிசம்பரில், டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005 செப்டம்பரில் ஒரே நாளில், அமெரிக்கன் 2011 நவம்பரில் என்று வரிசையாகத் திவால் நீதிமன்றம் போனபோது, ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கம்பெனி கேட்கும், எதிர்த்து வாதாடச் சங்கமும் திவால் சட்டம் தெரிந்த வக்கீல்களையும் நிதி ஆலோசகர்களையும் பிடிக்க வேண்டும். அவர்கள் மணிக்கணக்கு நம் மணிக்கணக்கு மாதிரி இல்லை, கதவு திறந்திருக்கும்போதே ஓடும்.

வேலைநிறுத்த நிதியையும் பாருங்கள். ஆல்பாவில் 'மேஜர் கான்டின்ஜென்சி ஃபண்ட்' என்று தனியாக ஒரு நிதியே இருக்கிறது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்த்வெஸ்ட் மெக்கானிக்குகளைச் சொல்வார்கள். 2005 ஆகஸ்டில் ஆம்ஃபா சங்கத்தின் சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி மாற்று ஆட்களை வைத்து விமானத்தை ஓட்டிக்கொண்டே இருந்தது. வெளியே நின்றவர்களுக்குச் சங்கத்திடமிருந்து வாராவாரம் கொடுக்க வேலைநிறுத்தப் படி என்று ஒன்று இல்லை. தோற்றதற்குக் காரணம் பல உண்டு, ஆனால் வீட்டு வாடகை காத்திருக்காது.

எல்எம்-2: கணக்குப் புத்தகம் உங்கள் போனில்

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே. 1959இல் வந்த சட்டத்தின்படி தனியார் துறைச் சங்கங்கள் எல்லாம் ஆண்டுக் கணக்கைத் தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். பெரிய சங்கங்கள் தாக்கல் செய்யும் படிவம் எல்எம்-2. ஆண்டு வரவு 2,50,000 டாலருக்குக் குறைந்த லோக்கல்கள் எல்எம்-3, இன்னும் சிறியவை எல்எம்-4 என்றுதான் பல வருடமாக நடைமுறை. தொழிலாளர் துறையின் ஓஎல்எம்எஸ் பிரிவின் தளத்துக்குப் போய்ச் சங்கத்தின் பெயரைத் தட்டினால் வந்துவிடும். கட்டணம் இல்லை, உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தின் பெயரில் பல பதிவுகள் வந்தால் பயப்படாதீர்கள், தலைமையகத்துக்கு ஒன்று, லோக்கல்களுக்குத் தனித்தனி. முதலில் தலைமையகத்தை எடுங்கள்.

நூறு பக்கத்துக்கு மேல் ஓடும். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் தூங்கிவிடுவீர்கள். நான் பார்க்கும் வரிசை இது.

ஐட்டம் 21இல் சந்தா ரேட் இருக்கும். உங்கள் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். பிறகு ஷெட்யூல் 13. அங்கே உறுப்பினர் எண்ணிக்கை இருக்கும், உறுப்பினர் ஆகாமல் கட்டணம் மட்டும் கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்றும் இருக்கும். அந்த எண்ணிக்கை வருடா வருடம் ஏறினால் அந்தச் சங்கத்தில் ஏதோ புகைகிறது என்று அர்த்தம்.

அப்புறம் எல்லோரும் ஆசையாகத் திறக்கும் ஷெட்யூல் 11, நிர்வாகிகளுக்குக் கொடுத்த பணம். ஷெட்யூல் 12 ஊழியர்களுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சம்பளம், படி, அலுவல் செலவு, மற்றவை, மொத்தம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மொத்தத்தைப் பார்த்துவிட்டு 'ஐயோ இவ்வளவா' என்று கத்தாதீர்கள். சம்பளக் கட்டத்தையும் அலுவல் செலவுக் கட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். நாடு முழுக்கப் பறந்து பேச்சுவார்த்தை நடத்துகிறவருக்கு ஓட்டல் செலவு கூடத்தான் செய்யும். எனக்குச் சந்தேகம் வருவது 'மற்றவை' என்ற கட்டம் பெருத்திருக்கும்போதுதான். பெயருக்குக் கீழேயே அவர் தன் நேரத்தில் எத்தனை சதவீதத்தை எந்த வேலைக்குச் செலவிட்டார் என்றும் இருக்கும். வருடா வருடம் அதே எண்கள் அச்சடித்த மாதிரி இருந்தால் யாரோ குத்துமதிப்பாக நிரப்புகிறார்கள்.

செலவு வகைகள் ஷெட்யூல் 15இலிருந்து 19 வரை. 15 பேச்சுவார்த்தை, முறையீடு போன்ற பிரதிநிதித்துவ வேலை. 16 அரசியலும் அரசிடம் வலியுறுத்துவதும். 17 நன்கொடை. 18 வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவு. 19 மாநாடு, தேர்தல் போன்ற சங்க நிர்வாகம். ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ வருடத்தில் 5,000 டாலரோ அதற்கு மேலோ போயிருந்தால் பெயர் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குக் கீழானவை ஒட்டுமொத்தமாக ஒரே வரியில் போய்விடும். 15 என்ற மூட்டைக்கும் 18 என்ற மூட்டைக்கும் உள்ள விகிதத்தை மூன்று வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பேச்சுவார்த்தை வருடத்தில் 15 வீங்கும், மாநாட்டு வருடத்தில் 19 வீங்கும்.

பெயர் போட்ட ஒவ்வொரு வரியும் யாருக்கு, என்ன வகை வியாபாரம், எதற்கு, எந்தத் தேதி, எவ்வளவு என்று விவரிக்கும். 'ஆலோசனை' என்று மட்டும் எழுதியிருந்தால் பென்சிலால் வட்டமிடுங்கள். தணிக்கைக் குழுவில் என் மூன்றாவது மாதத்தில் அப்படி ஒரு வட்டம் போட்டேன். ஓட்டல் சாப்பாட்டு பில், 11 பேருக்கு, எங்கள் பேஸ் கூட்டம் நடந்த அன்று. ரசீது இருந்தது, ஆனால் கார்டு தேய்த்த துண்டுச் சீட்டுதான், என்ன சாப்பிட்டார்கள் என்ற பில் இல்லை, யார் யார் இருந்தார்கள் என்றும் இல்லை. பொருளாளரிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். 'எல்லோரும் இப்படித்தான் கொடுப்பாங்க' என்று தோளைக் குலுக்கினார். கடைசியில் 11 பெயரையும் நினைவிலிருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார், அதில் ஒரு பெயர் அன்று டென்வரில் இருந்த ஆள். திருட்டு இல்லை, அசட்டை. அடுத்த மாதத்திலிருந்து முழு பில் இல்லாமல் பணம் இல்லை என்று விதி போட்டோம். நிர்வாகி எவ்வளவு நல்லவரானாலும் விதி வேண்டும். அப்பா ரசீதுப் புத்தகத்தில் கிழிந்த ரசீதைக்கூட ஒட்டி வைப்பார்.

படிவத்தில் பார்த்தது திருப்தி தராவிட்டால், அதற்கு ஆதாரமான புத்தகங்களைப் பார்க்க உறுப்பினருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, நியாயமான காரணம் காட்ட வேண்டும். ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். மின்னஞ்சலில், இந்த ஷெட்யூல், இந்த வரி, இந்தத் தொகை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 'கணக்கு எல்லாம் காட்டுங்க' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும்.

அரசியலுக்குப் போகிற காசு

அதிகச் சண்டை வரும் இடம் இது. தேர்தலில் நிற்கும் கூட்டாட்சி வேட்பாளருக்குச் சந்தாப் பணத்திலிருந்து சங்கம் நேரடியாக நன்கொடை கொடுக்கக் கூடாது. அதற்குத் தனி நிதி வைத்திருப்பார்கள், ஆல்பாவில் ஆல்பா-பேக், ஏஎஃப்ஏவில் ஃப்ளைட்பேக், டீம்ஸ்டர்ஸில் டிரைவ். அது முழுக்க விருப்பம், தனிப் படிவம். பயிற்சி மேசையில் மூன்றாவதாக ஒரு காகிதம் நீட்டினால் அதுவாக இருக்கலாம், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், போடாமலும் இருக்கலாம்.

ஆனால் வாஷிங்டனில் சட்டத்துக்காக வலியுறுத்துவது, உறுப்பினர்களுக்கு அரசியல் கடிதம் அனுப்புவது போன்றவற்றுக்குச் சந்தாப் பணம் போகும். ஷெட்யூல் 16 அதுதான். எனக்கு இதில் புகார் இல்லை. இரண்டு ட்யூட்டிக்கு நடுவே பணிப்பெண்களுக்கு 10 மணி நேர ஓய்வு என்பதை 2018இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமாக்கியது, விதியாக வர 2022 அக்டோபர் ஆனது. அந்த நான்கு வருடமும் யாரோ போய் அந்த அலுவலக வாசல்களில் நின்றார்கள். அதற்கு முன் எட்டு மணி நேரத்தில் ஓட்டல் வேனுக்குக் காத்திருந்து, குளித்து, தூங்கி, எழுந்து வந்தவள் நான்.

உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் வழி உண்டு. உறுப்பினராக இல்லாமல், ஆட்சேபிப்பவர் என்று எழுதிக் கொடுத்தால், பேச்சுவார்த்தையோடும் முறையீடுகளோடும் சம்பந்தமில்லாத செலவுக்கான பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். இதை வகுத்த வழக்குகளில் முக்கியமானது 1984இல் வந்த எல்லிஸ் வழக்கு. வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் எழுத்தர்கள் தொடுத்தது. மாநாட்டுச் செலவு, கூட்டத்தில் கொடுக்கும் காபி, சிற்றுண்டிக்கெல்லாம் ஆட்சேபிப்பவரும் பங்கு கொடுக்க வேண்டும் என்றும், புது ஆட்களைச் சங்கத்தில் சேர்க்கும் பிரசாரச் செலவுக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் உச்ச நீதிமன்றம் பிரித்தது. முதலில் முழுதும் வாங்கிக்கொண்டு வருடக் கடைசியில் திருப்பித் தருகிறோம் என்பதும் செல்லாது என்றது.

விலை என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். உறுப்பினராக இல்லாவிட்டால் புது ஒப்பந்தத்துக்கு ஓட்டு இல்லை, நிர்வாகிகள் தேர்தலில் ஓட்டு இல்லை. 2025 ஜூலையில் யுனைடெட் பணிப்பெண்கள், பணியாளர்கள் தங்கள் சங்கமே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 71 சதவீத ஓட்டில் நிராகரித்தார்கள். மாதம் சில டாலருக்காக அந்த ஓட்டை நான் விட மாட்டேன்.

சந்தாவைக் கூட்டுவதற்கும் ஓட்டு வேண்டும். லோக்கல் சந்தா என்றால் உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்பு, தலைமையகச் சந்தா என்றால் மாநாட்டுப் பிரதிநிதிகளின் ஓட்டு அல்லது பொது வாக்கெடுப்பு என்று சட்டமே சொல்கிறது. மாநாட்டுக்கு உங்கள் பேஸிலிருந்து யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பேஸ்களில் போட்டியே இல்லாமல் தேர்வாகிறவர்கள்தான்.

வரிக் கணக்கு எழுதும்போது சந்தாவைக் கழிக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கூட்டாட்சி வரியில் 2018 முதல் முடியாது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநில வரிகளில் இன்னும் இடம் இருக்கிறது, உங்கள் வரி பார்க்கிறவரிடம் கேளுங்கள். வருடக் கடைசிச் சம்பளச் சீட்டில் சந்தாவின் மொத்தத் தொகை இருக்கும்.

எல்எம்-2 நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள் வர வேண்டும். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்கு வைக்கும் சங்கம் என்றால் மார்ச் 31. நான் ஏப்ரல் முதல் வாரம் ஒரு லேஓவரில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து பார்ப்பேன், இரண்டு மணி நேரம் ஆகும். படிவத்தைத் திறந்து முழிக்கிறவர்கள் ஓ'ஹேரில் என்னைப் பிடியுங்கள். பென்சில் கொண்டு வாருங்கள்.